அமெரிக்கக் கிராமப்புறத்தில் குடிபோதை ஓட்டுநர் வழக்கைத் தேட எந்த வழி நம்பகமானது?

அமெரிக்காவில் போதையில் ஓட்டியவர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 2023-ல் மட்டும் 12,429 பேர் இறந்தார்கள். பண்ணை லாரிக்கு ஆள் எடுக்கும் முதலாளி, பிரிந்து வாழும் கணவரின் காரில் குழந்தையை வாராவாரம் ஏற்றி அனுப்பும் தாய், மோதியவர் இதற்கு முன்னும் மாட்டியவரா என்று அறிய நினைக்கும் குடும்பம் என்று யார் ஒரு பெயரைப் போட்டுத் தேடினாலும் அதை வீண் வம்பு என்று தள்ள முடியாது. அந்த நாட்டில் குற்ற வழக்குகளின் நீதிமன்றப் பதிவு பொதுவாக யாரும் பார்க்கக்கூடியது. பெரிய நகரம் என்றால் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். ஆளரவம் குறைந்த கவுண்டிகளில்தான் (நம் மாவட்டம்போன்ற நிர்வாகப் பகுதிகள்) சிக்கல். பதிவு இருக்கும், நாம் தேடுகிற இடத்தில் இருக்காது.

வழிகளை எடைபோடும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் எந்த ஊரில் குடியிருந்தாலும் வழக்கு நடப்பது அவர் போலீஸிடம் பிடிபட்ட இடத்தில். நெடுஞ்சாலையில் மாநில ரோந்துப் போலீஸ், கவுண்டிச் சாலையில் கவுண்டிப் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் ஆட்கள், சிற்றூருக்குள் அந்த ஊர்ப் போலீஸ், தேசியப் பூங்காவில் ரேஞ்சர், பழங்குடியினர் நிலத்தில் பழங்குடிப் போலீஸ். யார் பிடித்தார்கள், எங்கே பிடித்தார்கள் என்பதைப் பொறுத்தே வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போனது என்பது முடிவாகும். குடியிருக்கும் கவுண்டியில் மட்டும் தேடிவிட்டு “ஒன்றும் இல்லை” என்று நிம்மதியடைவது பெரிய தவறு. குற்றத்தின் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிஃபோர்னியாவில் டியூஐ, டெக்சாஸில் டிடபிள்யூஐ, விஸ்கான்சினில் ஓடபிள்யூஐ, மெய்னில் ஓயூஐ. எல்லா மாநிலத்துக்கும் ஒரே சுருக்கத்தைப் போட்டுத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

பணம் வாங்கும் தனியார் தளங்கள்

பெயரைத் தட்டியதும் முதலில் வந்து நிற்பவை இவைதான், அதனால் இவற்றிலிருந்தே தொடங்குகிறேன். என் கணக்கில் இவைதான் கடைசி. மொத்தமாக வாங்கிய தரவை வைத்துத்தான் இவை அறிக்கை தயாரிக்கின்றன. கணினித் தரவை வெளியே விற்காத, பாதிப் பதிவுகள் இன்னும் காகிதத்திலேயே இருக்கும் ஒரு சின்னக் கவுண்டி அந்த மூட்டைக்குள் வந்திருக்காது. அறிக்கை காலியாக வந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. நிரம்பி வந்தாலும் நம்புவதற்கில்லை. 2023 செப்டம்பரில் ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் ஆகிய இரு தளங்கள் மீதான புகார் 58 லட்சம் டாலர் அபராதத்தில் முடிந்தது. வெறும் போக்குவரத்து அபராதச் சீட்டு வாங்கியவரைக்கூடக் குற்றப் பதிவு உள்ளவர்போலக் காட்டிச் சந்தா கட்டவைத்தார்கள் என்பது மத்திய வணிக ஆணையம் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று.

ஆள் எடுக்கவோ வீடு வாடகைக்கு விடவோ இந்தத் தளங்களைப் பயன்படுத்துவது சட்டத்துக்கும் ஆகாது. அதற்கு, பின்புலச் சோதனை அறிக்கைகளுக்கும் பொருந்தும் 1970-ம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனம் வேண்டும். வேலைக்கு என்றால் விண்ணப்பித்தவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும்.

மாநில நீதிமன்றங்களின் இணையத் தேடல்

இலவசம், வேகம், அரசின் சொந்தப் பதிவு. எல்லா மாநிலங்களும் விஸ்கான்சின்போல இருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. சிசிஏபி என்று அங்கே எல்லோரும் சொல்லும் தேடலில், எத்தனை ஒதுக்குப்புறமான கவுண்டியாக இருந்தாலும் சர்க்யூட் கோர்ட் (மாநிலத்தின் விசாரணை நீதிமன்றம்) வழக்கைப் பார்த்துவிடலாம். ஆனால் அங்கும் ஓர் ஓட்டை உண்டு. விஸ்கான்சினில் முதல் முறை போதையில் ஓட்டினால் அது குற்ற வழக்கே ஆகாது, அபராதம் கட்டும் சிவில் வழக்குதான். அதைச் சிற்றூர்களின் முனிசிபல் கோர்ட்டே விசாரிக்கலாம். முனிசிபல் கோர்ட் வழக்குகள் சிசிஏபியில் வருவதில்லை.

அலாஸ்காவில் வேறு விதம். அங்கே கவுண்டி என்ற அமைப்பே இல்லை. கோர்ட்வியூ என்ற ஒரே தேடல் மாநிலம் முழுக்கச் செல்லும் என்பது நல்ல விஷயம். ஆனால் எல்லாக் குற்றச்சாட்டுகளும் தள்ளுபடியாகியோ விடுதலையாகியோ 60 நாள் கடந்துவிட்டால், அந்த வழக்கை இணையத்தில் காட்டக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. என் பார்வையில் இது நியாயமான சட்டம். விடுதலையானவரின் பெயர் காலமெல்லாம் தேடல் பெட்டியில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கட்டண விஷயத்தில் நியூயார்க் இந்த இரண்டுக்கும் நேர் எதிர். மாநில அளவிலான குற்றப் பதிவுத் தேடலுக்கு 95 டாலர். அந்த மாநிலத்தின் கிராமப்புறத்தில் இத்தகைய வழக்குகள் முதலில் போவது ஊர், கிராம நீதிமன்றங்களுக்குத்தான். நீதிபதி பகுதிநேரமாக உட்காருவார், பல ஊர்களில் மாலை நேரத்தில்தான் கோர்ட்டே கூடும். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அடிரோண்டாக் மலைப்பகுதியில் இருக்கும் ஹாமில்டன் கவுண்டியில் 2020 கணக்குப்படி 5,107 பேர்தான். அங்கே நடந்த வழக்கைத் தெரிந்துகொள்ள, அந்தந்த ஊர்க் கோர்ட் கிளார்க்குக்கு எழுதிக் கேட்பதை நான் 95 டாலர் தேடலைவிட மேலாக மதிப்பேன். குறைந்த போதைக்கான முதல் குற்றச்சாட்டு அங்கே குற்றமாக எண்ணப்படாமல் வெறும் போக்குவரத்து மீறலாகவே நிற்கும். குற்றப் பதிவுத் தேடலில் அதை எதிர்பார்க்கவே கூடாது.

கவுண்டி நீதிமன்றத்துக்கே போவது அல்லது எழுதிக் கேட்பது

ஒதுக்குப்புறக் கவுண்டி என்றால் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். டெக்சாஸின் லவிங் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். 2020 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே 64 பேர். கோர்ட் இருப்பது மென்டோனில். டெக்சாஸில் முதல் முறை போதையில் ஓட்டியது சிறு குற்றம், அதன் கோப்பு கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். மூன்றாம் முறை பெருங்குற்றமாகிவிடும், அது டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் போகும். பெரிய கவுண்டிகளில் ஒருவரிடம் கேட்டுவிட்டு இன்னொருவரை மறந்துவிடும் ஆபத்து உண்டு. மக்கள்தொகை 8,000-க்குக் கீழே இருந்தால் பொதுவாக இரண்டு பொறுப்பையும் ஒரே ஆள் பார்ப்பார். சின்ன இடம் நமக்குச் சாதகமாக அமைவது இப்படித்தான். ஒரே ஜன்னல், ஒரே கிளார்க், அவருக்குப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியும்.

போகும் முன் போன் செய்துவிட வேண்டும். சின்னக் கோர்ட்டுகளில் கிளார்க் விடுப்பில் இருந்தால் அன்று வேலை நடக்காது. முழுப் பெயர், நடுப்பெயர், பிறந்த தேதி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற விவரம் கையில் இருக்கட்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரை வைக்கும் குடும்பங்கள் உள்ள இடத்தில், பிறந்த தேதி இல்லாமல் கேட்டால் அப்பாவின் வழக்கு மகன் தலையில் விழும். தபாலில் கேட்பதானால், நம் முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிய உறையையும் சேர்த்து அனுப்புவது வழக்கம். தேடலுக்கும் நகலுக்கும் தனித்தனிக் கட்டணம் இருக்கலாம். வேறொரு கோர்ட்டில் காட்ட வேண்டும் என்றால் முத்திரையிட்ட சான்று நகல் என்று குறிப்பிட்டே கேட்க வேண்டும்.

கையில் வரும் வழக்குச் சுருக்கத் தாளை வாசிக்கத் தெரிய வேண்டும். மேலே வழக்கு எண், பதிவான தேதி. கீழே குற்றச்சாட்டுகள் வரிசையாக இருக்கும். ஒன்று: போதையில் ஓட்டியது. இரண்டு: பொறுப்பற்ற முறையில் ஓட்டியது. பலரும் முதல் வரியைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது எதிரே இருக்கும் முடிவுக் கட்டம். முதல் வரிக்கு எதிரே “தள்ளுபடி”, இரண்டாவதற்கு எதிரே “குற்றத்தை ஒப்புக்கொண்டார்” என்று இருந்தால் அரசு வழக்கறிஞரோடு பேரம் பேசி முடிந்த வழக்கு அது. போதையில் ஓட்டியதாகத் தண்டனை பெற்றவர் என்று அவரைச் சொல்லக் கூடாது. கலிஃபோர்னியாவில் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். மது சம்பந்தப்பட்டது என்று குறித்து ஏற்கப்பட்ட பொறுப்பற்ற ஓட்டுதல், அடுத்த முறை பிடிபட்டால் முந்தைய போதைக் குற்றமாகவே எண்ணப்படும். அந்த வித்தியாசத்தை இணையப் பட்டியலின் ஒற்றை வரி பல நேரம் சொல்லாது. கோப்பு சொல்லும்.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. நூறு மைல் ஓட்ட வேண்டியிருக்கலாம், பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கலாம். எந்தக் கவுண்டி என்று தெரியாதவருக்கு உதவாது, ஏனென்றால் நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. பொதுமக்கள் பார்வைக்கு மூடப்பட்ட வழக்கு, பதிவிலிருந்து அழிக்கப்பட்ட வழக்கு எதுவும் அந்த ஜன்னலில் கிடைக்காது.

டிஎம்வியின் ஓட்டுநர் பதிவு

டிஎம்வி என்பது ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் மாநில வாகனத் துறை. எந்தக் கவுண்டி என்று தெரியாத குறையைத் தீர்ப்பது இதன் பதிவுதான். மாநிலத்தின் எந்த மூலையில் தண்டனை கிடைத்தாலும் இங்கே வந்து சேர வேண்டும். மூச்சுச் சோதனைக்கு மறுத்ததால் உரிமம் முடக்கப்பட்டதுபோன்ற, கோர்ட் தாளில் இல்லாத விஷயங்களும் இதில் இருக்கும். கலிஃபோர்னியாவில் போதைத் தண்டனை 10 ஆண்டு இந்தப் பதிவில் நிற்கும்.

ஆனால் கதவு எல்லோருக்கும் திறக்காது. 1994-ன் ஓட்டுநர் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் முகவரி, புகைப்படம்போன்றவற்றைக் கண்டவருக்கும் கொடுப்பதைத் தடுக்கிறது. போக்குவரத்து மீறல்களை அந்தச் சட்டத்தின் விளக்கமே தனிப்பட்ட தகவல் கணக்கில் சேர்க்கவில்லை. இருந்தாலும் பல மாநிலங்கள் இன்னும் இறுக்கமான விதி வைத்திருக்கின்றன. அதனால் ஆள் ஒத்துழைக்கும் சந்தர்ப்பத்தில் மட்டுமே இந்த வழி எளிது. “உங்கள் சான்றிட்ட ஓட்டுநர் பதிவை நீங்களே எடுத்து வாருங்கள்” என்று நேராகக் கேட்டுவிடலாம். குழந்தையை அனுப்பும் விஷயத்தில் வக்கீல் மூலம் இப்படிக் கேட்பதுதான், திருட்டுத்தனமாகத் தேடுவதைவிட மரியாதையும் பலமும் உள்ள வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

ஷெரிஃப் அலுவலகம்

ஷெரிஃப் வெளியிடும் சிறைப் பட்டியலில் பெரும்பாலும் அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் பெயர்தான் இருக்கும். போதையில் பிடிபட்டவர் மறுநாளே வெளியே வந்திருப்பார். கைது அறிக்கை கேட்க மத்திய அரசின் தகவல் சுதந்திரச் சட்டத்தைக் குறிப்பிட்டு மனு போடுபவர்கள் நிறைய. அது மத்திய அரசுத் துறைகளுக்கு மட்டும். ஷெரிஃபிடம் கேட்க அந்தந்த மாநிலத்தின் பொதுப் பதிவுச் சட்டத்தைத்தான் குறிப்பிட வேண்டும்.

கைதோடு நிறுத்திக்கொள்வது எவ்வளவு அநியாயம் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2020 நவம்பரில் நியூஜெர்சியின் சாண்டி ஹுக் பகுதியில் கைதானார். 2021 பிப்ரவரியில் போதை ஓட்டுதல் குற்றச்சாட்டு தள்ளுபடியானது. மது தடைசெய்யப்பட்ட இடத்தில் குடித்ததை மட்டும் ஒப்புக்கொண்டு 500 டாலர் அபராதம் கட்டினார். கைதுச் செய்தி பரவிய வேகத்தில் தீர்ப்பு பரவியதா என்று யோசித்துப் பாருங்கள். பெயர் தெரியாத பண்ணைத் தொழிலாளிக்கு அந்த இரண்டாம் செய்திகூட வராது.

எந்தக் கவுண்டித் தேடலிலும் வராத இரண்டு

சாண்டி ஹுக் மத்திய அரசு நிலம், ஆகவே அது மத்திய நீதிமன்ற வழக்கு. யெல்லோஸ்டோன்போன்ற பூங்காக்களிலும் அப்படித்தான். மத்திய மாஜிஸ்திரேட் விசாரிப்பார், மாநிலத் தேடலில் தடமே இருக்காது. பேசர் என்ற மத்தியத் தேடலில் பக்கத்துக்கு 10 சென்ட். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் அடங்கினால் கட்டணம் இல்லை.

மற்றொன்று பழங்குடி நீதிமன்றம். நவாஹோ தேசம் அரிசோனா, நியூமெக்சிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. அதற்குச் சொந்தப் போலீஸும் சொந்தக் கோர்ட்டும் உண்டு. அந்த நிலத்தில் ஒரு பழங்குடியினர் போதையில் ஓட்டிப் பிடிபட்டால் வழக்கு அங்கே நடக்கும். பழங்குடியினர் அல்லாதவரைப் பழங்குடிக் கோர்ட் பொதுவாகக் குற்ற விசாரணை செய்ய முடியாது என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அதே சாலையில், அதே இரவில் பிடிபட்ட இருவரின் பதிவுகள் இரண்டு வேறு அரசுகளிடம் இருக்கலாம்.

லாரி ஓட்ட ஆள் எடுப்பவருக்கு மட்டும் கடைசியாக ஒன்று. வணிக ஓட்டுநர்களின் போதைச் சோதனை மீறல்களுக்கென்று 2020 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் கிளியரிங்ஹவுஸ் என்ற தரவுத்தளம் இயங்குகிறது. ஆனால் சொந்தக் காரில் குடித்துவிட்டு ஓட்டி வாங்கிய தண்டனை அதில் வராது, டிஎம்வி பதிவில்தான் வரும். இரண்டையும் பார்க்க வேண்டும். கிளியரிங்ஹவுஸின் முழு விவரத்தைப் பார்க்க ஓட்டுநரின் சம்மதம் தேவை. அவர் மறுத்தால் அவரிடம் அந்த லாரியின் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது விதி.