பெயின்ட் அடித்த டிரக் கதவைத் திரும்ப மாட்டுவது: போல்ட் வழி நல்லதா, ஆணி வழி நல்லதா?

பெயின்ட் வேலைக்காகக் கழற்றிய டிரக் கதவைத் திரும்ப மாட்ட இரண்டு வழிகள் உண்டு. கதவைக் கீலோடு சேர்த்து, கேபின் தூணிலுள்ள போல்ட்டுகளை அவிழ்த்துக் கழற்றி, அதே போல்ட்டுகளைக் கொண்டு மாட்டுவது ஒன்று. கீலின் ஒரு பாதியைத் தூணிலும் மறுபாதியைக் கதவிலும் அசைக்காமல் விட்டுவிட்டு, இரண்டையும் கோத்திருக்கும் ஆணியை மட்டும் தட்டி எடுத்து, புது புஷ் (கீல் துளைக்குள் ஆணியைச் சுற்றி உட்காரும் சிறு குழல்) போட்டுக் கோப்பது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், புஷ் மாற்றும் வேலையும் சேர்ந்து வரும்போது ஆணி வழிதான் மேலானது என்பேன். ஆனால், புஷ்ஷைப் பெயின்ட்டுக்கு முன்பே மாற்றிக் கதவை ஒருமுறை மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு வழிகளுமே ஆபத்தானவைதான்.

காரணத்தைக் கணக்கிலிருந்தே சொல்லலாம். மேல்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் இடையே 40 செ.மீ. என்றும், கதவின் நீளம் 1 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கீலிலும் புஷ் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால், மேல்கீலில் கதவு பின்னோக்கியும் கீழ்க்கீலில் முன்னோக்கியும் நகர்ந்து, பூட்டு இருக்கும் பின்விளிம்பு இரண்டரை மில்லிமீட்டர் தொங்கிவிடும். கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பைக் கையால் தூக்கிப் பார்த்தால் இந்த ஆட்டம் விரலுக்கே தெரியும். இப்படித் தொங்கிய கதவை முன்பு யாரேனும் போல்ட்டைத் தளர்த்தியோ கீலுக்கு அடியில் தகடு வைத்தோ சரிக்கட்டியிருந்தால், புது புஷ் போட்ட உடனே அந்தச் சரிக்கட்டல் அத்தனையும் பிழையாகிவிடும்: பின்விளிம்பு தேவைக்கு மேல் ஏறும், கதவின் மேற்பகுதி முன்னோக்கி நகரும், ஃபெண்டருக்கும் (கதவுக்கு முன்னால் சக்கரத்தை மூடும் தகடு) கதவுக்கும் இடையே இருந்த சந்து மேலே குறுகும்.

நான் பட்டது இதனால்தான். முதல் முறை கதவுக்குப் பெயின்ட் முடிந்து பாலிஷும் போட்ட பிறகு புஷ்ஷை மாற்றினேன். கதவு மூடியிருந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. திறந்தபோது முன்விளிம்பு ஃபெண்டருக்குள் திரும்பி உரசி, விரல்நகம் அளவுக்குப் பெயின்ட் பிரைமரோடு பெயர்ந்து வந்துவிட்டது. கதவைத் திறக்கும்போது முன்விளிம்பு உள்நோக்கிச் சுழலும் என்பதால், மூடிய நிலையில் சந்து சரியாகத் தெரிவது மட்டும் போதாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இனி வழிகளுக்கு வருவோம். போல்ட் வழியின் பெரிய பலம், கீலை முழுதாக வெளியே எடுத்துவிடுவதுதான். வைஸில் பிடித்துப் பழைய புஷ்ஷைத் தட்டி எடுப்பதும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது; கீலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் துருவைச் சுரண்டி, அந்த இடத்துக்கும் பெயின்ட் கொடுக்கலாம். கீல் போல்ட்டில் மாட்டிய வண்டியின் நிறத்தையே மாற்றுபவருக்கு இதுவே ஏற்ற வழி. பலவீனம், கதவு இருந்த இடம் தொலைந்துபோவது. போல்ட் துளைகள் வேண்டுமென்றே பெரிதாக இருப்பதால் கதவு மேலும் கீழும், முன்னும் பின்னும் நகரும். அதைத் தேடிப் பிடிக்கும் நேரம் முழுவதும் புதுப் பெயின்ட் விளிம்பு ஃபெண்டரை ஒட்டியே இருக்கிறது. கீலைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தால் பெயின்ட் அந்தக் கோட்டை மூடிவிடும். அதைவிட, கழற்றும் முன் கீலையும் தூண் தகட்டையும் சேர்த்து 3 மி.மீ. துளை இரண்டு போட்டு, மாட்டும்போது அதே துளைகளில் டிரில் பிட்டைச் செருகி இடத்தைப் பிடிப்பது நம்பகமானது. கீல் உட்காரும் இடத்தில் பெயின்ட் தடிப்பாக ஏறினால், முறுக்கிய போல்ட்டுக்கு அடியில் அது நசுங்கி, சில நாட்களில் பிடிப்புத் தளரும். அங்கே மெல்லிய பூச்சு போதும்.

ஆணி வழியில் கீல் பாதிகள் நகர்வதே இல்லை என்பதால், சோதனையில் பிடித்த இடத்துக்கே கதவு திரும்பி வரும். கீல் பற்றவைக்கப்பட்ட வண்டிகளில் இது ஒன்றே வழி. இதன் சிரமம் வேறு விதமானது: துருப்பிடித்த ஆணி அசையாது, சுத்தியல் வீச இடம் இருக்காது, மேலும் ஆணியின் தலையடியில் உள்ள வரிகள் ஒருமுறை அடித்து இறக்கினால் மறுமுறை அதே பிடிப்பைத் தருவதில்லை. ஆகவே சோதனைக்குப் புது ஆணியை வீணாக்காமல், அதே விட்டமுள்ள வழுவழுப்பான போல்ட்டைச் செருகிக் கதவை நிறுத்திப் பார்த்துவிட்டு, பெயின்ட்டுக்குப் பிறகே புது ஆணியை இறக்க வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது புஷ்ஷின் துளையை அடைத்து வைப்பதும் கட்டாயம். உள்ளே படியும் மெல்லிய படலமே ஆணியை இறங்கவிடாது. திறந்த கதவைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்பிரிங் கீலில் இருந்தால், அதற்குரிய கருவியால் அமுக்கி எடுத்த பிறகே ஆணியைத் தொட வேண்டும், ஏனெனில் தெறித்தால் கண் போகும்.

புஷ்ஷில் பித்தளை, எண்ணெய் ஊறிய வெண்கலம், பிளாஸ்டிக் என்று வகைகள் கிடைக்கின்றன. கனமான கதவுக்கு விளிம்பு வைத்த வெண்கலத்தையே தேர்வு செய்வேன். உயர் சூட்டில் பவுடர் பூச்சு செய்யப்போகும் கீலுக்குப் பிளாஸ்டிக் ஒத்துவராது. எந்த வகையானாலும் சுத்தியலால் அடித்து இறக்காமல், நீள போல்ட், வாஷர், நட் ஆகியவற்றைக் கொண்டு முறுக்கி இழுத்து உட்காரவைத்தால் விளிம்பு பிளக்காது.

கதவைத் தூக்குவதற்கு இருவர் கைகளை மட்டும் நம்புவதா, ஜாக்கியா என்றால், ஆணி வழிக்கு ஜாக்கிதான். மடித்த போர்வை விரித்த பலகை மேல் கதவை நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. உடன் இருப்பவர் கதவு சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். பெயின்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், சூடேற்றாமல் காற்றில் உலர்ந்தது முழுதாக இறுக வாரங்கள் ஆகும் என்பதால், கதவின் முன்விளிம்புக்கும் ஃபெண்டரின் பின்விளிம்புக்கும் டேப் ஒட்டி, வேலை முடிந்த அன்றே உரித்துவிட வேண்டும்.

மாட்டும்போது பூட்டு விழும் ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் நகர்த்த முடியாத கேபின் பின்தூணோடு கதவைப் பொருத்தி, அதன் பிறகு ஃபெண்டரைக் கதவுக்கு ஏற்ப நகர்த்துவதே சரியான வரிசை. வெறும் கதவு சற்று உயர்ந்தே நிற்கும். கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் கருவியும் உள்ளே போனதும் கொஞ்சம் இறங்கும், புது ரப்பர் பீடிங் கதவை வெளியே தள்ளும். இவையெல்லாம் சேர்ந்த பிறகு, கதவு எங்கே வந்து நிற்கிறதோ அந்த உயரத்துக்கு ஸ்ட்ரைக்கரை மாட்டி இறுக்கலாம்.