உரிமம் வாங்கிய விமானமா, வாங்காத விமானமா?

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு ஒரு நிஜ விமானத்தின் மாதிரியைச் செய்து விற்கப் புறப்படுகிறவருக்குப் பெரிய தலைவலி புரோகிராமில் வருவதில்லை, விமானத்தின் பெயரில் வருகிறது. போயிங், செஸ்னா எல்லாம் பதிவு பெற்ற வணிகச்சின்னங்கள். பேடண்ட் என்றால் 20 வருடத்தில் காலாவதியாகிவிடும். வணிகச்சின்னத்துக்கோ, புதுப்பித்துக்கொண்டே இருந்தால் முடிவே இல்லை. இரண்டாம் உலகப்போர் விமானத்துக்கு இன்றைக்கு ஒரு கம்பெனி வந்து காசு கேட்பது இதனால்தான்.

நேர்வழி, உரிமம் வாங்குவது. 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 747-8, 787-10, ஏ320நியோ எல்லாம் சொந்தப் பெயரோடும் சின்னத்தோடும் இருந்தன. சிமுலேட்டருக்குப் போயிங் விமானங்கள் செய்வதில் பேர்போன பிஎம்டிஜி நிறுவனமும் போயிங் உரிமத்தோடுதான் விற்கிறது. காசு செலவாகும், ஒப்பந்த நிபந்தனைகள் இருக்கும், ஆனால் வக்கீல் நோட்டீஸ் பயமில்லாமல் தூங்கலாம்.

அந்தச் சின்னத்தை வைத்துத் தரத்தை எடை போடுவதுதான் வாங்குகிறவர்கள் செய்யும் தப்பு. மைக்ரோசாஃப்ட் தந்த அந்த ஏ320நியோ வெளியிலிருந்து பார்க்க அத்தனை அழகு. காக்பிட்டுக்குள் போய் மேல் பேனலில் கை வைத்தால் பல சுவிட்சுகள் வெறும் அலங்காரமாக இருந்தன. ஃப்ளைட் கம்ப்யூட்டரும் அரைகுறையாக இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது ஃப்ளைபைவயர் என்ற பெயரில் கூடிய தன்னார்வலர்கள். ஹைட்ராலிக், மின்சாரம், ஆட்டோபைலட் என்று ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதி, ஏ32என்எக்ஸ் என்று இலவசமாகவே கொடுத்தார்கள். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. பெயருக்கு உரிமம் வாங்கிவிட்டால் விமானத்தின் மூளையும் கூடவே வந்துவிடாது. அதை யாராவது உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

இதில் அவர்கள் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும்: வெளி உடம்பை அவர்கள் செய்யவில்லை, மைக்ரோசாஃப்ட் தந்ததன் மேல்தான் ஏறி நின்று வேலை பார்த்தார்கள். இலவசம் என்பதும் சட்டக் கவசம் ஆகிவிடாது. கட்டக் காசில்லாதவர் மேல் வழக்குப் போட்டு என்ன கிடைக்கும் என்பதுதான் அங்கே நிஜப் பாதுகாப்பு.

கேட்காமல் விற்றால்? 2004-இல் வந்த பசிஃபிக் ஃபைட்டர்ஸ் என்ற இரண்டாம் உலகப்போர் விமான ஆட்டத்தின் கதை சிமுலேட்டர்காரர்களுக்கு மறக்காது. பசிபிக் கடல் போர் என்றால் வைல்ட்கேட், ஹெல்கேட், அவெஞ்சர் இல்லாமல் முடியாது. மூன்றும் கிரம்மன் விமானங்கள். கிரம்மனை 1994-இல் நார்த்ராப் வாங்கியிருந்தது. அந்த நார்த்ராப் கிரம்மன் உரிமக் கட்டணம் கேட்டு வந்தது. முடிவில் அந்த ஆட்ட வரிசையில் புதிதாகக் கிரம்மன் விமானங்களைச் சேர்ப்பதே நின்றுபோனது. அமெரிக்க மக்கள் வரிப்பணத்தில் கட்டி, அதற்கும் அறுபது வருடம் முன்பு சண்டை போட்ட விமானங்கள் இவை. எனக்கு இன்றுவரை இது நியாயமாகப் படவில்லை.

கோர்ட்டில் மோதிப் பார்க்கலாமே என்றால், அதற்கும் உதாரணம் இருக்கிறது, சிமுலேட்டர் உலகத்துக்குக் கொஞ்சம் வெளியே. பேட்டில்ஃபீல்ட் 3 என்ற போர் வீடியோ ஆட்டத்தில் வந்த பெல் ஹெலிகாப்டர்களுக்காக 2012-இல் அதை வெளியிட்ட ஈஏ நிறுவனமே முந்திக்கொண்டு, பெல்லின் தாய் நிறுவனமான டெக்ஸ்ட்ரான் மேல் வழக்குப் போட்டது. படைப்புச் சுதந்திரம் என்பது வாதம். அது சமரசத்தில் முடிந்ததால் தெளிவான விடை கிடைக்கவில்லை. 2020-இல் கால் ஆஃப் டூட்டி என்ற போர் ஆட்டத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டியைக் காட்டியதற்கு வந்த வழக்கில், ஆட்டத்தை வெளியிட்ட ஆக்டிவிஷன் ஜெயித்தது. நிஜம்போலத் தோன்றுவதும் கலைக்குத் தேவை என்று நியூயார்க் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அங்கே ஹம்வீ கதைக்குப் பின்னணி. சிமுலேட்டரில் விமானம்தான் சரக்கே, பெட்டியின் மேலேயே அதன் பெயரைப் போட்டு விற்கிறோம். இந்தத் தீர்ப்பு அங்கேயும் கைகொடுக்கும் என்று நம்பிச் சேமிப்பைக் கரைக்க எனக்குத் துணிச்சல் வராது.

நிஜப் பெயரை விட்டுவிட்டுக் கற்பனைப் பெயர் வைப்பது ஜிடிஏ மாதிரி வீடியோ ஆட்டங்களுக்குச் சரி. இங்கே எடுபடாது. 737 ஓட்டும் ஆசையில் வருகிறவரிடம் "நடுத்தர இரட்டை எஞ்சின் ஜெட்" என்று நீட்டினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

போர் விமானம் என்றால் உரிமத்தோடு கதை முடியாது. விமானத்தின் கையேடுகளை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. போர் விமான சிமுலேட்டர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ரஷ்யர் ஒருவர், எஃப்-16 கையேடுகளை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப் போய் மாட்டி, 2019-இல் யூட்டா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆக, பெரிய நிறுவனம் என்றால் பணத்தைக் கட்டிவிடலாம். பொழுதுபோக்காகச் செய்கிறவர் இலவசமாகவே கொடுத்துவிடலாம். நடுவில் மாட்டுவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து காசுக்கு விற்கும் சின்னக் குழு. அந்த இடத்தில் நான் இருந்தால் பெரிய ஜெட்டை விட்டுவிட்டு, கிளைடரோ சின்ன ஒற்றை எஞ்சின் விமானமோ செய்யும் கம்பெனி ஒன்றுக்கு முதலில் மெயில் போடுவேன். பதில் வரும்வரை காக்பிட் வேலை நடக்கும். வால்மேல் பெயர் எழுதும் வேலை மட்டும் கடைசியில்.