80 வாட் என்று எழுதியிருந்த பத்து வாட் விளக்கு

திருகோணமலையில் வீட்டு முற்றத்தில் கறிமிளகாய் நாற்று வைக்கிறவர்களுக்கு எதிரிகள் இரண்டு பேர். ஒன்று, இலையைக் கருவாடாக்கிவிடும் கச்சான் காற்று. மற்றது மான். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலில் நின்று பழம் கொடுத்துக் கொஞ்சும் அதே புள்ளிமான்கள்தான். போன வருடம் இருட்டோடு எங்கள் வீதிக்கு வந்து, மதிலோரம் வைத்திருந்த 24 நாற்றுகளையும் தண்டு மட்டும் மிஞ்சும்படி மேய்ந்துவிட்டுப் போயின. எனவே இந்த முறை வீட்டுக்குள்ளேயே நாற்றுப் போடுவது என்று முடிவெடுத்து, இணையத்தில் 7,850 ரூபாவுக்கு ஒரு 'உள்ளக நாற்று வளர்ப்புப் பெட்டி' வாங்கினேன். கொழும்பிலிருந்து கூரியரில் மூன்றாம் நாள் வந்தது. பொதி செய்திருந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை.

உள்ளே இருந்தவை: வளைக்கக்கூடிய நான்கு கழுத்துகளுடன் எல்.ஈ.டி. விளக்கு, மூடியுடன் கூடிய 12 குழித் தட்டு, 650 கிராம் தும்புச்சோற்று (தேங்காய் மட்டைத் தூள்) கட்டி, ஒரு பொட்டலம் பசளை, மொழிபெயர்ப்பில் நொந்துபோன ஒரு துண்டுப்பிரசுரம். 'விதை போட்டு நான்கே வாரத்தில் நடுகைக்குத் தயார்' என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. நான்காம் வாரம் என் கன்றுகள் வித்திலையோடு (விதையிலிருந்து முதலில் விரியும் இலை) ஒரு சோடி இலை வைத்து அப்படியே நின்றன. உயரம் ஒரு தீக்குச்சி அளவு.

முதல் பிழை என்னுடையது, அதைச் சொல்லிவிடுகிறேன். வெறுமையாகக் கிடந்த மேசை மகனின் அறையில்தான் இருந்தது. அவன் இரவு முழுக்கக் குளிரூட்டியை 22இல் வைத்துத் தூங்குகிறவன். மிளகாய் விதைக்கு 25 முதல் 30 பாகை வரை சூடு வேண்டும். என் விதைகள் முளைக்கவே 16 நாள் எடுத்தன. தட்டைக் குசினிப் பக்கம் மாற்றியபின் போட்ட விதை எட்டாம் நாள் தலை காட்டியது. ஆனால் முளைத்த பின்னும் வளரவில்லையே, அதற்கு மகனைக் குற்றம் சொல்ல முடியாது.

விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "பசளையைக் கூட்டிக் கொடுங்கள் அக்கா, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி" என்றார். துண்டுப்பிரசுரத்திலும் அதேதான் இருந்தது. கொடுத்தேன். நான்காம் நாள் இலை விளிம்பு பழுப்பாகிச் சுருண்டது. இருபத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதே என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவள், அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் விளக்கு. பெட்டியில் 80 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். கூடவே வந்த அடப்டரின் அடியில், பூதக்கண்ணாடி வேண்டிய எழுத்தில், 5 வோல்ட் 2 அம்பியர் என்று இருந்தது. ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து. பத்து வாட்டுக்கு மேல் கொடுக்க முடியாத அடப்டரில் 80 வாட் விளக்கு எப்படி எரியும்? மனம் கேட்காமல் ஒரு ஞாயிறு பிற்பகல் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இந்த விளக்கை மட்டும் எரியவிட்டு மின்மானிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். எங்கள் மின்மானியின் சிவப்புப் புள்ளி 1,600 தடவை மின்னினால் ஒரு அலகு. ஒரு மணித்தியாலத்தில் அது மின்னியது 14 தடவை. கணக்குப் பார்த்தால் ஒன்பது வாட்டுக்கும் குறைவு. "ரீச்சர், கரண்ட் இல்லையா?" என்று பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் கேட்டார். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்காக விளக்கைக் குப்பையில் போடத் தேவையில்லை. பிரசுரம் சொல்கிறபடி 45 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தால் கன்று வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டும், தண்டு நூலாகும். நான் 12 சென்ரிமீற்றருக்கு இறக்கினேன். விளக்கு சூடாவதில்லை, ஆகவே இலை கருகாது. ஒரு வாரத்தில் புது இலைகள் நெருங்கி வந்தன. அந்த உயரத்தில் பன்னிரண்டு குழிக்கும் வெளிச்சம் போதாது, ஆறுக்குத்தான் போதும். விளக்கைத் தானாக அணைக்கும் நேரங்குறிப்பான் அதிகபட்சம் 12 மணித்தியாலம். நாற்றுக்கு 14 முதல் 16 வரை இருந்தால் நல்லது என்பதால் மாலையில் இன்னொரு தடவை பொத்தானை அமுக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் விளக்கு தானாக எரியவும் மாட்டாது. பாடசாலை நாளில் பத்து மணிக்கு மின்சாரம் போனால் இரண்டு மணிவரை கன்றுகள் இருட்டில்தான்.

ஆனால் வளர்ச்சியை உண்மையில் கட்டிப்போட்டது தும்புச்சோறு. தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டுத் தும்பெடுத்தால் மிஞ்சும் சோற்றில் சோடியமும் குளோரைட்டும் தங்கிவிடும். நன்றாகக் கழுவிய கட்டியும் சந்தையில் உண்டு, கழுவாததும் உண்டு. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் கட்டியை ஊறவைத்த தண்ணீரில் ஒரு கரண்டியை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் காயவைத்தேன். தேநீர் நிறத் தண்ணீர் வற்றியதும் விளிம்பில் வெள்ளை வளையம் ஒன்று படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல் உப்பேதான். அதற்கு மேல் நான் ஊற்றிக்கொண்டிருந்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர். உவர்மலை என்ற பெயருள்ள ஊரில் குடியிருந்துகொண்டு உப்பைக் கடைசியில் சந்தேகப்பட்டதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இதன் மேல் பசளையையும் கூட்டியது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதை, பசளையும் உப்புத்தானே.

மிச்சத் தும்புச்சோற்றை, கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் மூன்று தடவை அலசினேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கல்சியம் நைத்திரேற்றுக் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் மறுபடி அலசிப் பிழிந்தேன். தும்புச்சோறு சோடியத்தை விட்டுக் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கன்றுக்குக் கொடுக்கிற கல்சியத்தை அதுவே விழுங்கிவிடும். நான்கு யோகட் கோப்பைகளை எடுத்து, இரண்டில் கழுவியது, இரண்டில் கழுவாதது. அதே விதை, அதே விளக்கு, அதே குழாய்த் தண்ணீர். வித்திலைப் பருவத்தில் மாற்றி நட்டு 18ஆம் நாள் பார்த்தபோது, கழுவியதில் இருந்தவை நான்கு இலை விட்டு ஐந்தாவதை விரித்துக்கொண்டிருந்தன. மற்றவை இரண்டு இலையோடு, விளிம்பு கருகி நின்றன.

தட்டும் மூடியும் நல்ல தரம். ஆனால் மூடியை இரண்டு வாரம் திறக்க வேண்டாம் என்று பிரசுரம் சொல்வது நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒத்துவராது. முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். நான் எடுக்காத முதல் தட்டில் ஐந்து கன்றுகள் அடித்தண்டு நீர்கோத்து ஒரே இரவில் சாய்ந்தன, நாற்றழுகல். தண்ணீரை மேலே தெளிக்காமல், தட்டைத் தூக்கிப் பார்த்து இலேசாக இருந்தால் மட்டும் அடியிலிருந்து ஊறவிடுகிறேன். பசளை, முதல் உண்மையான இலைச் சோடி விரிந்த பின்தான். அதுவும் சொன்ன அளவில் காற்பங்கு.

விற்றவரிடம் அடப்டர் கணக்கைச் சொன்னபோது, 80 வாட் என்பது "அதற்குச் சமமான வெளிச்சம்" என்றார். எதற்குச் சமம் என்று கேட்டேன். பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்தார், இன்னும் எடுக்கவில்லை.

பெட்டியாக வாங்குவதானால் 7,850 ரூபா மிக அதிகம். விளக்கும் தட்டும் தனியாகக் கிடைத்தால் 4,000 வரை கொடுக்கலாம், ஆறு கன்றுக்கு மேல் ஆசைப்படாதவர்கள் மட்டும். என்னுடைய ஆறும் இப்போது மேல்மாடி விறாந்தையில் ஒரு சாண் உயரத்தில் நிற்கின்றன. படிக்கட்டுக்குக் கீழே இரும்புக் கதவு ஒன்றும் போட்டாயிற்று. அதற்கான செலவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.