மாமாவின் கணினியும் சம்மதப் பொத்தானும்: மூன்றாண்டு தொலைப் பராமரிப்பு அனுபவம்

அக்கரைப்பற்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார். “பெரியம்மாவின் கணினி நத்தைபோல ஊர்கிறது. நீங்கள் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டே திருக்கோவில் ஊரில் உள்ள மாமாவின் கணினியைப் பார்த்துக்கொள்கிறீர்களே, எந்த மென்பொருளைப் போட்டீர்கள்?”

ஒரு பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். 2025 ஐப்பசியில் நடந்ததற்குப் பிறகு வெறும் பெயரைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்துக்கான உபயகாரர் பட்டியலையும் ஊரவர்களின் கடிதங்களையும் பாமினி எழுத்துருவில் தட்டிக் கொடுப்பார். காலையில் மரண அறிவித்தல்கள் படிப்பார். இரவில் இலண்டனில் இருக்கும் மகளோடு காணொளியில் பேசுவார். அவருடைய கணினி நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இந்த வேலைகளுக்கு அது போதும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முதலில் வேகத்தைப் பற்றி. அது தொலைவிலிருந்து வரவில்லை. 2022இல் பல மாதங்கள் இங்கிருந்தபடியே துடைத்தேன், கழற்றினேன், நிறுத்தினேன். கணினி தொடங்கும்போது கூடவே எழும் ஏழெட்டு மென்பொருள்களை முடக்கினேன். ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த இரண்டு அன்டிவைரஸ்களையும் அகற்றி, விண்டோஸில் ஏற்கெனவே உள்ள டிஃபெண்டரிடம் காவலை விட்டேன். ஆனாலும் கணினியின் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற பத்தியில் 100 என்ற எண் சிவந்தபடியே நின்றது. ஹார்ட் டிஸ்கின் சுழலும் தட்டில் ஒரு முள் அங்குமிங்கும் ஓடி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பொறுக்க வேண்டும். பெரிய கோப்பு ஒன்றை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கும் அதே தட்டு, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் ஒரு எம்பியைக்கூட எட்டாமல் திணறும். அதை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது.

2023 தைப்பொங்கலுக்குப் போனபோது சுழலும் தட்டே இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி (240 ஜிபி) ஒன்றையும் இன்னொரு 4 ஜிபி ரேமையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்தால் உப்புக் காற்று ஏற்கெனவே உள்ளே குடியிருந்தது. ரேமின் பொன்னிற முனைகள் கறுத்திருந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அழிறப்பரை வாங்கித் தேய்த்துத் துடைத்தேன். திருக்கோவில்போல கடலோரத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டும். அதுவரை ஆறு நிமிடம் எடுத்த கணினி அன்று மாலை அரை நிமிடத்துக்குள் எழுந்தது. மாமா எழுந்து நின்றே பார்த்தார். “இது வேறு கணினி, மருமகன்” என்றார். இன்றுவரை அந்த வேகம் குறையவில்லை.

அதன் பிறகுதான் தொலைப் பராமரிப்பு பயனுள்ளதாயிற்று. விண்டோஸோடு கூடவே வரும் குவிக் அசிஸ்ட் என்ற கருவியை எடுத்துக்கொண்டேன். விண்டோஸ், கண்ட்ரோல், கியூ ஆகிய மூன்று விசைகளையும் மாமா ஒன்றாக அழுத்துவார். நான் சொல்லும் ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டுவார். சம்மதம் என்று அழுத்துவார். அவருடைய திரை என் மேசைக்கு வந்துவிடும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், காசும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பஸ் பயணம் இரண்டு நிமிடத் தொலைபேசி அழைப்பாகிவிட்டது. அதை நான் வாயாரப் புகழ்ந்த காலம் உண்டு.

அவருடையது 4ஜி ரவுட்டர். டேட்டா கரையாமல் இருக்க, விண்டோஸில் அந்த இணைப்பை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்று குறித்துவிட்டேன். பெரிய இற்றைப்படுத்தல்கள் பகலில் தாமாக இறங்குவது நின்றது. அவருடைய இணைப்பில் நள்ளிரவு முதல் காலை வரை பயன்படுத்தத் தனியாக இரவு டேட்டா இருக்கிறது. ஆனால் இரவில் கணினியைப் போட்டு வைக்க மாமி விடமாட்டார். ஐப்பசியில் பின்னேரம் இடிக்கத் தொடங்கினால் இரவுவரை விடாத ஊர் அது. இடி இல்லாத இரவிலும் படுக்கப்போகுமுன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுவார். அது சரியான வழக்கம்தான். ஆகவே விடியற்காலை 4.30க்கு மாமா கோயிலுக்குப் புறப்படும்போது கணினியைப் போட்டுவிட்டு என்னை இணைத்துவிட்டுப் போவார். அவர் திருநீற்றோடு திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். மாதத்துக்கு ஒருமுறை மாமாவின் அழைப்பு வரும். “மூலையில் சிவப்பாக ஒன்று வருகிறது. ஐந்து வைரஸ் இருக்கிறதாம்.” வைரஸ் ஒன்றுகூட இருக்காது. மரண அறிவித்தல் பார்க்கப் போன ஏதோ ஓர் இணையத்தளம், அறிவிப்பு அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கும். அவர் சம்மதித்திருப்பார். அந்தச் சம்மதத்தைப் பிடித்துக்கொண்டு யார் யாரோ பொய் எச்சரிக்கைகளை அனுப்புவார்கள். குரோமின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் போய், தள அமைப்புகளில் அறிவிப்புகளைத் திறந்து, இருபது முப்பது முகவரிகளை ஒவ்வொன்றாக நீக்குவேன். அடுத்த மாதம் மீண்டும் இருபது வந்திருக்கும். எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று ஒரே அமைப்பில் அடைத்துவிடலாம் என்பதை ஓராண்டு கழித்துத்தான் செய்தேன். இறந்தவர்களின் படத்தைப் பார்க்க வரும் முதியவர்களிடம் இப்படிச் சம்மதம் பறிப்பவர்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால், “ஏன் மாமா எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறீர்கள்?” என்று ஒருநாள் கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் என்னை உலுக்கியது. “நீங்கள்தானே அழுத்தச் சொல்வீர்கள்?”

உண்மைதான். குவிக் அசிஸ்டில் நான் இணையும் ஒவ்வொரு முறையும் அவர் சம்மதிக்க வேண்டும். நான் கட்டுப்பாட்டை எடுக்க மறுபடி சம்மதம். ஏதாவது நிறுவப்போனால் விண்டோஸ் அனுமதி கேட்கும். அந்த நொடியில் என் பக்கத் திரை கறுத்துவிடும். “மாமா, ‘ஆம்’ என்று இருப்பதை அழுத்துங்கள்” என்பேன். இரண்டரை ஆண்டுகளாக, முகம் தெரியாத குரல் ஒன்று தொலைபேசியில் சொல்லச் சொல்லச் சம்மதம் அழுத்தும் பழக்கத்தை நானே அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. இந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்பும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இதையெல்லாம் மாமாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகலில் அவருக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. “ஐயா, உங்கள் விண்டோஸின் காலம் முடிந்துவிட்டது. நாங்கள் புதுப்பித்துத் தருகிறோம். மூன்று விசைகளை ஒன்றாக அழுத்துங்கள்.” நான் கற்றுக்கொடுத்த அதே மூன்று விசைகள். அதே ஆறு எழுத்துகள். மோசடி குறித்த எச்சரிக்கையைக் கருவி காட்டத்தான் செய்தது. அதையும் அவர் வழக்கம்போல் கடந்துவிட்டார். மவுஸ் தானாக நகர்ந்து வங்கிப் பக்கம் ஒன்றைத் திறந்தபோதுதான் மாமி அறைக்குள் வந்திருக்கிறார். மருமகன் விடியற்காலையில்தானே வருவார், இது யார் என்று கேட்டிருக்கிறார். மாமா பதில் சொல்வதற்குள் சுவருக்குப் போய்ப் பிளக்கைக் கழற்றிவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர், பிழைவிட்ட மாணவனைப்போல உட்கார்ந்திருந்தார். பிழை அவருடையது அல்ல என்று நான் சொன்னேன், பலமுறை சொன்னேன். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு எஸ்எஸ்டியை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். அந்தச் சில நிமிடங்களில் எதைப் பதித்தார்கள் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட அதுவே நிச்சயமான வழி. 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் தரும் நீட்டிப்புத் திட்டத்திலும் பதிந்தேன். குவிக் அசிஸ்டை அகற்றினேன்.

இப்போது இருப்பது ரஸ்ட்டெஸ்க் என்ற தொலைக் கட்டுப்பாட்டுக் கருவி, யாரும் உள்ளே பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள். கணினி எழும்போது பின்னணியில் தானும் எழும் சேவையாக அதை நிறுவினேன். பொத்தானை அழுத்தி இணைப்பை ஏற்கும் வழியை மூடிவிட்டு, நிலையான கடவுச்சொல்லால் மட்டும் என்று வைத்தேன். இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும் உண்டு. மாமாவின் கணக்கு இப்போது சாதாரணக் கணக்கு. நிர்வாகக் கடவுச்சொல் என்னிடம். விண்டோஸ் அனுமதி கேட்கும் திரையும் எனக்குக் கறுக்காமல் தெரிகிறது. நானே தட்டிக்கொள்கிறேன். அவர் அழுத்துவதற்கு எதுவுமில்லை.

குறையும் உண்டு. இரு கணினிகளுக்கும் நேரடி இணைப்புக் கிடைக்காதபோது ரஸ்ட்டெஸ்கின் பொதுச் சேவையகத்தைச் சுற்றி வருவதால் சில மாலைகளில் மவுஸ் ஒரு நொடி பின்தங்கியே வருகிறது. படத்தின் தரத்தைக் குறைத்து ஓட்டுகிறேன். குவிக் அசிஸ்ட் இதைவிட எளிது, சொல்லப்போனால் இதைவிட அழகானது. அதில் குற்றம் சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனாலும் எந்த முதியவரின் கணினியிலும் அதை இனி நான் வைக்கமாட்டேன்.

திரையின் கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாமா தன் கையால் எழுதியது: “மருமகன் ஒருபோதும் இலக்கம் கேட்கமாட்டார். எதையும் அழுத்தச் சொல்லமாட்டார். கேட்பவர் மருமகன் அல்ல.”

அக்கரைப்பற்று நண்பரே, முதலில் எஸ்எஸ்டியையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு பெரியம்மாவின் வீட்டுக்குப் போங்கள். மென்பொருளை அன்றைக்கு அவர் முன்னாலேயே நிறுவுங்கள். அந்தத் தாளை அவரையே எழுதச் சொல்லுங்கள்.