என்னிடம் இல்லாத பாய்லரும் அவருக்குப் போன கமிஷனும்

திருப்பூரில் 42 தையல் இயந்திரங்களோடு, பிறர் தரும் துணியைக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். சென்ற ஆண்டு லாபம் எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு நிர்வாக ஆலோசகரை அமர்த்தினேன். கட்டணம் நான்கு லட்சம், பாதி முன்பணம். பீஸ் ரேட், செலவுக் கணக்கு எழுதிய காஸ்டிங் ஷீட், வங்கிக் கடன் என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தேன். டாக்டரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்பார்களே, அந்த வரிசையில் இவரையும் சேர்த்துவிட்டேன்.

வந்த அறிக்கை 84 பக்கம். 51ஆம் பக்கத்தில், பாய்லரில் நீராவிக் கசிவைத் தடுத்தால் விறகுச் செலவு குறையும் என்று இருந்தது. எனக்குச் சாயப்பட்டறையும் கிடையாது, பாய்லரும் கிடையாது. சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த அட்டவணையில் ஒரு சாயப்பட்டறையின் கிலோ ரேட் நிறம் வாரியாக இருந்தது. மூலையில் அந்தப் பட்டறையின் பெயர்ச் சுருக்கம் அழிக்கப்படாமல் கிடந்தது. எனக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்கள் கணக்கு என் மேசைக்கு வந்திருக்கிறது என்றால், என் காஸ்டிங் ஷீட் யார் மேசையில் இருக்கிறது? பக்கத்தைக் கிழித்து அந்த முதலாளியிடமே கொடுத்தேன். வெகுநேரம் அவர் பேசவில்லை.

அதற்குள், அறிக்கைக்கு முன்பே ஆலோசகர் வாங்கச் சொன்ன ஆறு லட்ச ரூபாய் மென்பொருளையும் வாங்கியிருந்தேன். அதை நிறுவ வந்த பையனிடம் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னேன். "ஆலோசகருக்கே 15 சதவீதம் போய்விடுகிறதே அண்ணா, இதற்கு மேல் எங்கே குறைப்பது?" என்றான் வெகுளியாக.

ஆலோசகரைக் கேட்டேன். தொழில் வழக்கம் என்றார், கூசாமல்.

ஆடிட்டர் தவறு செய்தால் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டயக் கணக்காளர் கழகத்தில் புகார் கொடுக்கலாம். நிர்வாக ஆலோசகருக்கு அப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். இந்திய நிர்வாக ஆலோசகர்கள் கழகம் நடத்தை நெறி வைத்திருக்கிறது, ஆனால் அது உறுப்பினர்களைத்தான் கட்டுப்படுத்தும். இவர் உறுப்பினர் இல்லை. அதையும் பணம் கொடுத்த பிறகுதான் விசாரித்தேன், என் கெட்டிக்காரத்தனம் அப்படி.

பெரிய பெயர் என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். உலகப் புகழ்பெற்ற ஆலோசனை நிறுவனமான மெக்கின்சியின் ஆலோசகர்கள் குறைந்தது 22 பேர், ஓபியாய்டு என்னும் அபின் வகை வலிமருந்து நிறுவனங்களுக்கும் அவற்றைக் கண்காணிக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கும் வேலை செய்தார்கள் என்று 2022இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது.

இப்போது யார் வந்தாலும் முதலில் மூன்று வரியில் கையெழுத்துக் கேட்கிறேன்: என் போட்டியாளருக்கு வேலை செய்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், என் தாள்கள் முழுதும் திரும்பி வர வேண்டும், பரிந்துரைக்கும் எதிலும் கமிஷன் வாங்கக் கூடாது. சென்ற மாதம் வந்தவர் முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதைப் படித்ததும் பேனாவை மூடிக்கொண்டு, பார்ட்னரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.