பிளைவுட் மீன்தொட்டி கட்டுகிறவர்களுக்கு: "710" அச்சைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நான் கட்டிய பிளைவுட் மீன்தொட்டியின் வெளி அளவு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். தண்ணீர் விட்ட சில வாரங்களிலேயே அடிப்பலகையின் விளிம்பு உப்பி, அடுக்குகள் நகத்தால் உரிக்கிற அளவுக்குப் பிரிந்துவிட்டன. உள்ளே இருந்த பசைக் கோடு வெளிறிப்போய் இருந்தது. சென்னையில் ஒரு கடையில் "மரைன் சார், பத்து வருஷம் தண்ணியில கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் கொடுத்த 18 மி.மீ. பலகை அது. புகார் சொன்னதும் அதே வாய், "தண்ணி பட்டா எந்தப் பிளையும் ஊறத்தானே சார் செய்யும்" என்றது. பில்லில் இருந்தது "பிளைவுட் 18 எம்.எம். – 2" மட்டும்.

மேலே பூசியதும் போலி. எபாக்ஸி (தண்ணீர் புகாமல் பூசும் ரெசின்) என்று வேறொரு கடை கொடுத்தது பாலியெஸ்டர் ரெசின். இரண்டில் ஒன்றாவது நிஜமாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது.

முதலில் பலகை. மரைன் பிளைக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. ஈரப்பதம் மட்டும் தாங்கும் சாதாரண எம்.ஆர்., ஓரளவு கொதிநீரும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். இரண்டும் ஐ.எஸ். 303-க்குள் வரும். "710", "மரைன் 710", "710 கிளப்" என்று கம்பெனி பேர் மாதிரி அச்சடித்தால் அது தரச்சான்று ஆகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேலே ஐ.எஸ். 710 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கடையில் நின்றபடியே, முத்திரை கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுமா என்பது வந்துவிடும். சென்னையில் பிளைவுட் கடைகள் நிறைந்த சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் வாங்கினாலும் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கினாலும் இதைச் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம். நடுப்பலகை சிவப்பாக இருக்கிறது என்பதை ஆதாரமாகக் காட்டுவார்கள், சாயம் மலிவு.

துண்டு கேட்டு வாங்கி 8 மணி நேரம் கொதிக்க வையுங்கள். மரைனுக்கு உண்மையான சோதனை 72 மணி நேரம், அது வீட்டில் ஆகாத வேலை. ஆனால் எம்.ஆர். பலகையை மரைன் என்று தள்ளிவிட்டிருந்தால் 8 மணி நேரத்துக்குள்ளேயே வாய் பிளந்துவிடும். பி.டபிள்யூ.ஆரை மரைன் என்று விற்றிருந்தால் மட்டும் இதில் தெரியாது. அதற்கு உரிம எண்தான் வழி. ஷீட் முழுக்க விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் உள்ளே இடைவெளி இருக்கிறது.

வெட்டிய பலகையை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. இந்த அளவுக்கு 2 ஷீட் போதும். அடியும் முதுகும் (தலா 6×2), இரண்டு பக்கமும் (தலா 2×2) ஒரே 8×4-ல் அடங்கிவிடும். முன்சட்டமும் மேல் விளிம்புப் பட்டையும் அடுத்ததில். மூன்றாவது ஷீட் தேவை என்று ஆசாரி சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

இனி ரெசின். எபாக்ஸிக்கு ஹார்ட்னர் (அதை இறுக வைக்கும் திரவம்) கணிசமாக வேண்டும். கடையில் பரவலாகக் கிடைக்கும் லேமினேட்டிங் வகையில் 10 பங்குக்கு 1 பங்கு, அதுவும் எடைக் கணக்கில். கிலோவுக்கு 10–20 மி.லி. மட்டும் விடச் சொல்லிச் சின்னக் குப்பியில் "கேட்டலிஸ்ட்" கொடுத்தால், திறந்ததும் ஸ்டைரீன் என்ற கரைப்பானின் மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால், அது பாலியெஸ்டர். காயும்போது சுருங்கும், மரத்தை விட்டுக் கிளம்பும். மூலைகளில் ஒட்டும் ஃபைபர் மேட்டையும் பார்த்து வாங்குங்கள்: நறுக்கு இழை மேட்டில் இழைகளைப் பிடித்துவைக்கும் பைண்டர் ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது, எபாக்ஸியில் சரியாக இளகாது. எபாக்ஸிக்கு நெய்த கண்ணாடியிழைத் துணியைக் கேளுங்கள்.

உள்பக்கம் 3 கோட், மூலைகளுக்குத் துணிப்பட்டை எல்லாம் சேர்த்து சுமார் 3 கிலோ ரெசின், 300 கிராம் ஹார்ட்னர் பிடிக்கும். பூசுகிறவர் தின்னர் கலந்தால் வேலையை நிறுத்துங்கள். தின்னர் ஆவியாகி ஊசித்துளை விழும். மரைன் பலகையில் பூச்சி மருந்து ஏற்றியிருப்பதால், துளை விழுந்தால் மரம் மட்டுமல்ல மீனும் போகும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். மே மாத வெயிலில் கப்பிலேயே சூடேறி இறுகிவிடும். சென்னைப் புழுக்கத்தில் மேலே மெழுகு மாதிரி ஒரு படலமும் படியும். அதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த கோட். "மொட்டை மாடிக்குப் போடுற வாட்டர்ப்ரூஃபிங் போதும்" என்பவரிடம் விவாதமே வேண்டாம்.

கண்ணாடியில் தடிமனைக் குறைப்பார்கள். முன்சட்டத்தில் வெட்டும் ஜன்னல் 66×18 அங்குலம் என்றால் கண்ணாடி 69×21, உள்பக்கமிருந்து சட்டத்தின் மேல் உட்கார வேண்டும். 55 செ.மீ. தண்ணீருக்கு முன்பக்கம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 270 கிலோ தள்ளும். 12 மி.மீ. கேட்டால் 12-தான் வர வேண்டும். காலிப்பர் இல்லையா, எடை போடுங்கள்: 12 மி.மீ. என்றால் சுமார் 28 கிலோ, 10 மி.மீ. என்றால் 23 சொச்சம்.

சிலிகான் 3 டியூப். பாத்ரூமுக்கு உள்ள பூஞ்சாணத் தடுப்பு வகை மீனுக்கு ஆகாது. காடி (வினிகர்) வாடை அடிக்கிற, முழுச் சிலிகான் என்று எழுதிய வகைதான் வேண்டும். தேதியைப் பார்த்து வாங்குங்கள், காலாவதியானது பிசுபிசுவென்றே நின்றுவிடும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகு, எஸ்.எஸ். 304; ஆசாரி கையோடு கொண்டுவரும் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ துருப்பிடிக்கும்.

பில்லில் ஐ.எஸ். எண், கம்பெனி பெயர், தடிமன் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவர் கடையில் வாங்காதீர்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. முத்திரை போலி என்றால் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அச்சு உள்ள வெட்டுத்துண்டை ஆசாரி குப்பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் கொடுக்க வேண்டியது அதைத்தான்.