பள்ளிக்கூடச் செலவு யார் தலையில்? சொத்து வரி லெவியும் அதற்கான மாற்றுகளும்

அமெரிக்காவில் குடியேறிய தமிழர் பலருக்கு முதலில் விளங்காமல் போவது, கட்டணமில்லாத அரசுப் பள்ளிக்காக வரி கேட்டு ஊர்மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தும் வழக்கம்தான். ஒஹாயோ மாநிலத்தின் பள்ளி மாவட்டங்கள், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள், ‘லெவி’ என்ற பெயரில் இந்த வரியைக் கேட்கின்றன. ஆதரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்குமுன், அதே செலவுக்கு வேறு என்ன வழிகள் உண்டு, அவை யார் மேல் விழுகின்றன என்று பார்ப்பது நல்லது.

சொத்து வரி லெவி ‘மில்’ கணக்கில் நடக்கிறது. வரிக்குரிய மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில். ஒஹாயோவில் சந்தை மதிப்பில் 35 விழுக்காடு மட்டுமே வரிக்குரியது என்பதால், 3,00,000 டாலர் வீட்டுக்கு 1,05,000 டாலர்தான் கணக்கில் வரும். 5 மில் புதிய லெவி நிறைவேறினால் ஆண்டுக்கு 525 டாலர் கூடும். வீடும் நிலமும் எங்கும் ஓடிவிடாது என்பதே இந்த வரியின் பலம். வேலையிழப்பு பெருகிய ஆண்டிலும் வசூல் சட்டென்று சரிவதில்லை. ஊரிலுள்ள ஆலையும் கடைவளாகமும்கூடச் சேர்ந்து கட்டுகின்றன.

குறைகளும் உண்டு. வீட்டு மதிப்பு ஏறினாலும், வாக்கெடுப்பில் நிறைவேறிய லெவியின் வசூல் பெரும்பாலும் ஏறாதபடி 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விகிதத்தைக் குறைத்துவிடுகிறது. சம்பளமும் பேருந்து டீசலும் உயர்ந்துகொண்டே போக, வரவு நின்ற இடத்திலேயே நிற்பதால், நிர்வாகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது. ‘போன தடவைதானே கொடுத்தோம்’ என்ற எரிச்சலுக்கு நிர்வாகத்தின் ஊதாரித்தனத்தைவிட இந்தச் சட்டமே பல இடங்களில் காரணம். இதைவிடக் கனமான குறை, வளமான ஊரில் ஒரு மில் திரட்டும் பணத்தை நலிந்த ஊரில் அதே ஒரு மில் திரட்டாது என்பது. சொத்து வரியை அளவுக்கு மீறி நம்பியிருந்த நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997இல் டிரால்ஃப் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் லெவி வாக்கெடுப்புகள் இன்றும் ஓயவில்லை.

அதே மாநிலத்தில் பள்ளி மாவட்ட வருமான வரி என்ற வழியும் இருக்கிறது. அதற்கும் வாக்காளர் ஒப்புதல் வேண்டும். ஊதியத்தையும் சுயதொழில் வருவாயையும் மட்டும் கணக்கிலெடுக்கும் அதன் ஒரு வகையில் ஓய்வூதியத்துக்கு வரி கிடையாது. மேற்சொன்ன வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் முதிய தம்பதி இருந்தால், லெவியில் 525 டாலர் கட்டுபவர்கள் இதில் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் 80,000 டாலர் ஊதியம் பெறும் குடும்பம், 1 விழுக்காடு விகிதத்தில் 800 டாலர் கட்டும். நிலம் நிறைய இருந்தும் கையில் ரொக்கம் குறைந்த விவசாயப் பகுதிகளுக்கு இது பொருந்துகிறது. ஆனால் பெருநிறுவனங்கள் இதில் தப்பிவிடுகின்றன. ஆலை மூடினால் வசூலும் படுத்துவிடும்.

கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்ட ஒப்புதல் கேட்கும் வாக்கெடுப்பை இவற்றோடு குழப்பக் கூடாது. அது கட்டடத்துக்கான பணம். அதிலிருந்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

அண்டை மாநிலமான மிச்சிகன் 1994இல் வேறு பாதையில் போனது. விற்பனை வரியை 4 விழுக்காட்டிலிருந்து 6 ஆக உயர்த்தி, அன்றாடப் பள்ளிச் செலவின் பெரும்பகுதியை மாநிலமே ஏற்றது. ஏழை மாவட்டங்களுக்கும் பணக்கார மாவட்டங்களுக்கும் இடையிலான இடைவெளி இதனால் குறைந்தது. ஆனால் பணம் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வருவதால், பிள்ளைகள் குறைந்த ஊரில் வரவும் குறைகிறது. கட்டடத்தைச் சூடாக்கும் செலவோ அப்படியே நிற்கிறது. கூடுதலாகத் தர ஊர்மக்கள் விரும்பினாலும் அன்றாடச் செலவுக்கென்று புதிய லெவி கேட்க மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் வழியில்லை.

நியாயத்தின் தராசில் மிச்சிகன் முறையே மேல் என்பது என் கருத்து. ஆயினும் ஒஹாயோ வாக்காளர் கையிலிருக்கும் சீட்டில் அந்தத் தேர்வு இல்லை. அங்கே லெவிக்கு எதிரே நிற்பது பேருந்துத் தடம் குறைவதும், இசை வகுப்பு நிற்பதும், காலியான ஆசிரியர் இடம் நிரப்பப்படாததும்தான். எனவே கணக்கு ஒளிவின்றி வைக்கப்பட்டிருந்தால் லெவியை ஆதரிப்பேன்; மாநில நிதிமுறையைத் திருத்தும் வாதத்தைச் சட்டமன்றத் தேர்தலில் வைத்துக்கொள்வேன். சீட்டில் ‘புதுப்பித்தல்’ என்றிருந்தால், அது ஏற்கெனவே கட்டிவரும் வரியின் தொடர்ச்சி. ‘கூடுதல்’ என்றிருந்தால்தான் மேலே சொன்ன மில் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.